மாலை போடாத படம்

அப்பாவ நாங்க எரிக்கலங்க. கோயமுத்தூர்ல ஒரு குளிர்க்கூடத்துல உறைய வச்சோம். அவரு நோய்க்கு மருந்து வந்ததும் எழுப்பித் தர்றதா பேச்சு. முப்பது நாள் ஆச்சேன்னு நான் வீட்ல அவரு படத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை போட்டேன். அங்கதான் ஆரம்பிச்சுது. எங்கண்ணன் இனியன் வந்து பாத்தான், மாலையப் பிச்சு எறிஞ்சுட்டான்.

“அப்பா என்ன செத்தா போயிட்டாரு? உனக்கு அவ்வளவு அவசரமாடி?”

“மூச்சு நின்னவர வேற என்னன்னு சொல்றது? போடா, நீயும் உன் ஐஸ்பெட்டியும்!”னு நானும் கத்திட்டேன்.

அன்னிக்கு நின்ன பேச்சுதான், முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. எட்டு வருசம் முன்னாடி மருந்து வந்துருச்சு, பிள்ளைங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா எழுப்பிடலாம்னு தாள் வந்துச்சு. அண்ணன் அன்னிக்கே போட்டு அனுப்பிட்டான். நான் போடல. அவனே வந்து என்னைக் கேக்கட்டும்னு ஒரு வீம்பு. அவன் வரவே இல்ல.

போன ஆவணியில நெஞ்சுவலி வந்து போயிட்டான். உறைய வைக்கிறதுக்குள்ள நேரம் கடந்துருச்சு, எரிச்சுட்டோம். அதுக்கப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்கு அப்பா வீட்டுக்கு வர்றாரு. அவருக்கு இன்னும் அறுபத்தொண்ணுதான், எனக்கு அறுபத்தெட்டு. காலைல குளிர்க்கூடத்துலேருந்து போன்ல பேசுனாரு.

“குட்டி, குரல் ஏன் இப்படி ஆயிருச்சு? சரி, அண்ணன்கிட்ட குடு.”

“வெளிய போயிருக்கான்ப்பா”ன்னேன்.

இப்பதான் ஸ்டூல் போட்டு ஏறி, அண்ணன் படத்துல இருந்த மாலையக் கழட்டுனேன்.