ஏழாவது செட்டிங்

மாலை மூன்று ஐம்பத்து நான்கு. இளவரசன் லேப்டாப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு, காகிதத்தில் எழுதியிருந்த ஏழாவது வரியைப் பார்த்தான்.

டிஜேக்களுக்கான ஒரு வீடியோவிலிருந்து எழுதி வைத்தது. நிகழ்ச்சிக்கு முன் லேப்டாப்பில் மாற்ற வேண்டிய ஏழு செட்டிங்குகள். அப்டேட், வைஃபை, நோட்டிஃபிகேஷன் என்று ஆறைக் காலையிலேயே மாற்றிவிட்டான். ஏழாவது, தேவையில்லாத சவுண்ட் டிவைஸ்களை எல்லாம் அணைப்பது.

அதைச் செய்வதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். எழில் எதுவுமே வேண்டாம் என்றிருந்தாள். அவன் மனைவி. ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு இருப்பவள்.

"ஓடிட்டிருக்கறத ஏன் நோண்டுற? எதையும் மாத்தாத."

எதையும் மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்று போன மாதம் அடி அண்ணாமலையில் பார்த்துவிட்டான். ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர்த்தட்டோடு பந்தலுக்குள் கால் வைத்த நேரம் பாட்டு நின்றது. அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் வந்தது. இருபத்திரண்டு நிமிடம். தாய்மாமன் தட்டோடு வாசலிலேயே நின்றார். யாரோ எடுத்த வீடியோவை ஊரே பார்த்தது.

அதன்பின் அவனை யாரும் கூப்பிடவில்லை. எழிலின் அண்ணன் வேலை செய்யும் செல்போன் கடைக்குத் திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்கள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மாதமாக எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. சோறு, வெயில், எழிலின் பேச்சு, எதுவும்.

மிச்சம் இருந்தது இன்றைய நிகழ்ச்சி மட்டும். ஆசிரமத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், அதன் மொட்டை மாடி. சைலஜா நடத்தும் தியான நடனம். இன்று தடங்கல் இல்லாமல் முடிந்தால் சனிக்கிழமைதோறும் அவனுக்கே என்று சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு விதி. நான்கு மணிக்கு மணி அடித்தால், ஐந்தரைக்கு மறுபடி அடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. சைகை கூடாது. அடுத்தவரைப் பார்க்கவும் கூடாது. வேலை செய்கிறவர்களுக்கும் அதேதான். என்ன வருகிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

ஸ்பீக்கர் பெட்டிகளை மாடிக்குத் தூக்கி வந்தவர் காவலாளி வேடியப்பன். காலையில் ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்த்தபோது காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் தம்பி. மலை எழுந்து ஓடிடும்."

இப்போது சோதித்துப் பார்க்க வழியில்லை. வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களுமாக நாற்பது பேர் வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஏழாவதையும் மாற்றினான். பட்டியலில் எது எதற்கென்று சொல்லாத மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அணைத்தான். ஹெட்போனில் பாட்டு தெளிவாக வந்தது. காலையில் கேட்டதைவிடத் தெளிவாக.

மணி அடித்தது. அவன் தொடங்கினான்.

ஹெட்போனை ஒரு கணமும் கழற்றவில்லை. இரண்டு காதுகளையும் இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு சின்ன விக்கலாவது வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். வரவில்லை. ஸ்பீக்கர்களில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எந்தச் செய்தியும் குதிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து ஆடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒருவர் காலும் தாளத்தில் விழவில்லை. ஒரு பெண் நின்ற இடத்திலேயே அசைந்தாள். தாடி வைத்த ஒருவர் தரையில் படுத்துக்கொண்டார். இங்கே வருகிறவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது பாட்டில் ஒரு மயில் மதிலிலிருந்து இறங்கி வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தது. தோகையைத் தொங்கவிட்டு அங்கேயே இருந்தது.

பாட்டில் பேஸ் ஒலி ஏறும் இடத்தில் எப்போதும் அவன் நெஞ்சு அதிரும். இன்று அதிரவில்லை. ஒரு மாதமாக எதுதான் அதிர்ந்தது என்று அடுத்த பாட்டுக்குப் போனான்.

ஐந்தரைக்குச் சைலஜா மணியை எடுத்து ஆட்டியதைப் பார்த்துப் பாட்டைக் குறைத்து நிறுத்தினான். ஹெட்போனைக் கழற்றினான். தொண்ணூறு நிமிடம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சைலஜா நேராக அவனிடம் வந்தார். கண் ஈரமாக இருந்தது.

"இப்படி ஒண்ணு இங்க நடந்ததே இல்லங்க. ரெண்டு பேரு அழுதுட்டாங்க. இனிமே சனிக்கிழமை எல்லாம் நீங்கதான். ஆனா ஒண்ணு, எதையும் மாத்தாதீங்க."

அவன் தலையாட்டினான். படிக்கட்டுப் பக்கம் போய் எழிலைப் போனில் கூப்பிட்டான்.

"ஒரு தடவகூட நிக்கல. திங்கக்கிழமை வர்லன்னு உங்கண்ணங்கிட்ட சொல்லிடு."

அவள் என்னவோ கேட்டாள். வந்து சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது.

கூட்டம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. வேடியப்பன் இன்னும் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒயரைச் சுற்றவில்லை. இறங்கிப் போகிறவர்களைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"எல்லாரும் கிளம்பறாங்களே தம்பி. நீ எப்ப பாட்டு போடுவ?"