வார்னிஷ் போன இடம்

வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரிலிருந்த அந்தப் பழைய சேப்பலை, அந்தச் சின்ன தேவாலயத்தை, புதுப்பிக்குமுன், கேரிஸ் ஒவ்வொரு பெஞ்சாகப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெயில் தூசியில் மிதந்தது. உட்கார்ந்தபடி குனிந்து ஜெபித்தவர்களின் நெற்றி பட்டு, அவர்களுக்கு முன்னாலிருந்த பெஞ்சுகளின் முதுகில் வார்னிஷ் தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் மரமே குழிந்திருந்தது.

"இங்க யார் உட்காருவாங்க, ஓல்வென் ஆன்ட்டி?"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள், சாவியோடு துணைக்கு வந்திருந்த ஓல்வென். "சனிக்கிழமை ராத்திரி முழுக்க சுரங்கத்துல வேலை முடிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில நேரா இங்கதான் வருவார். பிரசங்கம் ஆரம்பிச்சதும் தலை குனிஞ்சார்னா, கடைசிப் பாட்டுக்குத்தான் நிமிருவார். போதகரே இந்தப் பக்கம் திரும்பினா குரலைத் தாழ்த்திக்குவார்."

கேரிஸுக்கு மெய்சிலிர்த்தது. "நாளைக்குத் தச்சருங்க எல்லாத்தையும் இழைச்சிடுவாங்க. இதை மட்டும் தொடக்கூடாதுன்னு எழுதிடறேன். 'ஆழ்ந்த ஜெபத்தின் தடம்'. சரியா?"

ஓல்வென் அந்தக் குழியை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்படியே எழுதிக்க, கண்ணு. குறட்டை வந்தா நான் முழங்கையால இடிப்பேன். அதை மட்டும் விட்டுடு."