பிறந்த வருடம்

பிரியந்தி பிளேன்டீ வாங்கப் போனதும் யோகேஸ்வரன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கல்குலேட்டரைத் திறந்தான்.

திரையின் வலது பக்கத்தில் பழைய கணக்குகள் வரிசையாக வந்து நின்றன.

போன வாரம் அவன்தான் அந்த அமைப்பை மாற்றியிருந்தான். மூடினாலும் கணக்குகள் அழியாமல் இருக்கும்படி ஒரு கட்டத்தில் சரி அடையாளம் போட்டிருந்தான். தங்கையிடம் அதைச் சொல்லவில்லை.

“கண்ணு வலிக்குதுன்னியே புள்ள, எழுத்தப் பெருசாக்கித் தாரேன்” என்று மட்டும்தான் சொன்னான். அதையும் செய்துகொடுத்தான். அவள் சந்தோஷப்பட்டாள்.

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய பேனர் கடை. சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. அளவு கேட்டுப் பெருக்கிப் போடுவது பிரியந்தியின் வேலை. போன வாரம் ஒரு சடங்கு பேனர் பந்தலுக்குப் பொருந்தாமல் திரும்பி வந்தது. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவளைத் திட்டினான்.

“நான் சரியாத்தாண்ணே போட்டேன்” என்றாள்.

அவன் நம்பவில்லை.

நாளை அவளுக்குப் பரிசம் போட வருகிறார்கள். அதற்கு முன்பு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஏனோ தோன்றியது.

ஒவ்வொரு வரியாக இறங்கினான். 8 × 4. 6 × 3. 10 × 4. தப்பு எதுவும் இல்லை.

இடையிடையே கழித்தல்கள். அஞ்சலி பேனருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிறந்த வருடத்தைத்தான் சொல்வார்கள். வயதை அவள் கண்டுபிடித்துப் போடுவாள். 2025 − 1951, அது தோட்டத்து மேல் டிவிஷன் வீரய்யா. 2025 − 1946, அது ராக்காயி.

அடுத்தது 2025 − 1978. விடை 47.

நாற்பத்தேழு வயதில் யார் செத்தது? யோசித்தான். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

அதன் கீழே மறுபடியும் அதே கணக்கு. அதற்கும் கீழே மூன்றாவது தடவையும். விடை மாறுமா என்று பார்த்தது போல.

மற்ற அஞ்சலிகளுக்குப் பிறகு பேனரின் நீளமும் அகலமும் இருந்தன. இதற்குப் பிறகு அப்படி எதுவும் இல்லை.

அவன் கை மவுஸிலிருந்து விலகியது.

திங்கட்கிழமை தலவாக்கலை மாப்பிள்ளை கடைக்கு வந்திருந்தார். தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். பிரியந்தி அப்போது சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள்ளேயே யோகேஸ்வரன் கல்யாணப் பதிவுக்கென்று அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, போட்டோ கொப்பி எடுத்தான். கொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு தேநீர்க் கடைக்குப் போனான். அட்டை மெஷினிலேயே கிடந்தது.

பிரியந்தி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

“என்னண்ணே, மாப்பிள்ளைய மெஷினுக்குள்ள வச்சு மூடிட்டு வந்துட்டீங்க!”

மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். தேநீர்க் கடைக்காரரும் சிரித்தார். யோகேஸ்வரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

பழைய அட்டை. அதில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். நாள் முழுக்க அட்டைகளைக் கொப்பி எடுக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

அவளிடம் அவன் மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு என்று சொல்லியிருந்தான்.

சொந்த லொறி, நுவரெலியாவில் வீடு, குடிப்பதில்லை. இவற்றையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவை உண்மை. வயதைச் சொல்லும்போது மட்டும் குனிந்து செருப்பைத் தேடினான்.

திங்கட்கிழமை இரவு சோறு போடும்போது அவள், “எனக்குச் சம்மதம்ண்ணே” என்றாள்.

பொய்யை நம்பித்தான் சம்மதித்தாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அந்த நினைப்பு உறுத்தியது, ஆனாலும் தூங்க முடிந்தது.

அவள் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. எதிர்த்துக் கேட்க அவளுக்கு வாய் இல்லாமலில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் அவள்தான்.

மூடிவிட நினைத்தான். கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

2025 − 1998. விடை 27. அது அவள்.

2025 − 1994. விடை 31.

அது அவன்.

ஹட்டனில் ஒரு பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். அவளுடைய வீட்டார், தை மாதம் வரைதான் பொறுப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் தாலி கட்ட முடியாது. இதையெல்லாம் பிரியந்திக்குத் தெரியாமல் மறைத்துவிட்டதாக அவன் நினைத்திருந்தான்.

திரையில் தன் வயதைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

படியில் செருப்புச் சத்தம். அவசரத்தில் மூடும் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. எழுத்துகளை அவ்வளவு பெரிதாக்கியிருந்தான், வாசலில் நின்றே வாசிக்கலாம்.

பிரியந்தி வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து பிளேன்டீயை மேசையில் வைத்தாள். கடதாசியில் சுற்றியிருந்த சீனியைப் பக்கத்தில் வைத்தாள். வெளியே கண்டக்டர் ஹட்டன், ஹட்டன் என்று கூவிக்கொண்டிருந்தான். பஸ் புறப்பட்டுப் போனது.

பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“நாளைக்குப் பெரியம்மாவுங்க எல்லாரும் மாப்பிள்ளைக்கு எத்தன வயசுன்னு கேப்பாங்க. முப்பத்தெட்டுன்னுதானேண்ணே சொல்லணும்?”

யோகேஸ்வரன் தேநீரை எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

“ஆமா” என்றான்.