முந்திப் போட்ட மொட்டை

குழாயடியில் என் மொட்டையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு மா பலேசாவின் கையிலிருந்த வாளி கவிழ்ந்தது.

"அடப்பாவி மோலெஃபி! அம்மாவப் பொதச்சே முடிச்சிட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லல, ஒரு மாடு வெட்டல!"

அவள் துக்கத்தில் பாதி, சாவு விருந்தில் கிடைக்காமல் போன மாட்டுக்கானது.

தப்பு என்மேல்தான். எங்கள் ஊர் மாஃபெடெங்கில் தாயை அடக்கம் செய்த மறுநாள்தான் பிள்ளைகள் தலையை மழிப்பார்கள். ஆனால் பள்ளி ஆலோசகர் கொடுத்த துண்டறிக்கையில், 'புற்றுநோயுள்ள பெற்றோருக்கு நீங்கள் செய்யக்கூடியவை' என்ற தலைப்பின் கீழே, ஒரு வெள்ளைக்காரக் குடும்பமே மொட்டையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பயப்பட வேண்டாம், முடி மாதத்துக்கு ஒரு நகத்தளவு வளர்ந்துவிடும் என்று ஆறுதல் வேறு.

அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் மா பலேசா இல்லை.

மருந்தில் அம்மாவுக்கு முடி கொட்டியிருந்தது. எனக்குப் பதினாறு வயது. அம்மா பிழைப்பாளா என்று யாரைக் கேட்டாலும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சித்தி, போதகர், ஆலோசகர், மூன்று பேரும் ஒரே குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் மழித்தேன்.

இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் மா பலேசா போர்வை போர்த்திய இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வாசலில் துக்கப்பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

அம்மா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"நிறுத்தாதீங்கடி, நல்லாத்தான் இருக்கு. மா பலேசா, நீ மட்டும் வாய அசைச்சாப் போதும்."

மூவரும் ஓடிய ஓட்டத்தில் ஒரு போர்வை வேலியில் மாட்டிக்கொண்டது. அம்மா இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், பல மாதங்களுக்குப் பிறகு.

அப்புறம் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெயிலில் இரண்டு தலையும் ஒரே மாதிரி மின்னின. என் தலையை மெல்லத் தடவினாள்.

"இனிமே மழிக்காதடா கண்ணு, வளரட்டும். அன்னிக்கு மழிக்க ஏதாவது இருக்கணும்ல."

"எவ்வளவு வளரணும்மா?"

அவள் மட்டும் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. என்னையே பார்த்தபடி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினாள்.

இடையில் ஒரு நகத்தளவு.