கிழ மரத்துக் குச்சி

துணிப்பெட்டியைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்று, யாரும் கேட்காத ஒரு பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

சில மரங்களின் குச்சி ஏன் சட்டென்று வேர் விடுகிறது, சிலது ஏன் முரண்டு பண்ணுகிறது என்பது பாடம்.

ஆராய்ச்சிப் பண்ணையில் காலமெல்லாம் குச்சி நட்டவன் நான். காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போதும் இதைத்தான் பேசினேன். பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், பாவம்.

என் மனைவி, அதாவது இன்று காலையிலிருந்து என் மனைவி, சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டது அவளுடைய மகள்.

வேலைக்குப் போகிற பெண். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ‘சார்’ என்று கூப்பிடுகிறாள். இவளுக்குப் பயந்துதான் இரண்டு வருடம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன்.

“இளசுக்கு இன்னும் என்ன ஆகணும்னு முடிவாகலைம்மா. மண்ணுல வச்சா வேராயிடும். கிழ மரத்துக் குச்சி கிளையாவே பழகிடுச்சு. துளிர் மட்டும் விடும், உள்ள மிச்சம் இருக்கிற சத்துல. நாம வேர் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுவோம். அப்புறம் பார்த்தா வாடிக் கிடக்கும்.”

யாரைச் சொல்கிறேன் என்று குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்கு அறுபத்தொரு வயது. அவசரமாக அடித்த தலைச்சாயம் காதோரம் வழிந்து காய்ந்திருந்தது. துளிர் விட்டதற்கு அதுவே சாட்சி.

அந்தப் பெண் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். இரண்டு தட்டுகளைக் காலி செய்து, செய்தித்தாள் விரித்து வைத்திருந்தாள்.

‘சந்தோஷம்’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். நானோ, மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிழக் குச்சிக்கு உத்தரவாதம் கிடையாது என்று அடுத்த பாடத்தை ஆரம்பித்தேன். பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

பயமாக இருந்தது. அம்மாவும் மகளுமாகப் பேசிச் சிரித்துப் பழகிய வீடு இது. நடுவில் நான் போய் உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயம்.

அவள் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.

என் பேச்சு தாங்காமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன். பண்ணையிலும் அப்படித்தான். நான் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

திரும்பி வந்தவள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“வாசல்ல ஒரு டாக்ஸி நின்னுச்சு சார். அரை மணி நேரம் இருக்கச் சொல்லியிருந்தீங்களாமே. யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”