வெள்ளைப் பத்தி

அவசரநிலைக்கு ஒரு வயது நிறையப் போகிறது. கள்ளிக்குப்பம் டீக்கடையில் காலை வெயில் பாய்லரின் பித்தளை வயிற்றில் வழுக்கி, திருவேங்கடத்தின் கையிலிருக்கும் செய்தித்தாளில் விழுகிறது. தணிக்கைக்காரர்கள் செய்தியை உருவியதில் நடுப்பத்தி வெள்ளையாகக் கிடக்கிறது. பத்து வருஷமாக இந்தக் கடைக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவர் அவர். இன்று மிளகாய் விலையைக் கணீரென்று படித்தும் போணியாகவில்லை. கூட்டமெல்லாம் எதிர் பெஞ்சில், வேம்புலியைச் சுற்றி நிற்கிறது. எழுத்துக்கூட்டவும் தெரியாத வேம்புலி கண்ணை மூடிக்கொண்டு, அவசரநிலைக்கு முன்னால் வந்த வேலைநிறுத்தச் செய்தி ஒன்றைச் சொல் பிசகாமல் ஒப்பிக்கிறான். எல்லாம் திருவேங்கடம் படிக்கக் கேட்டது. மூச்சு வாங்கும் இடம், 'ஆகவே' என்று விரலைத் தூக்கும் இடம், நடுவில் வரும் செருமல்கூட அவருடையதுதான்.

“இன்னாமா ஞாபகம் வச்சிகினு கீறான் பாரு! மச்சானுக்கு ஒரு டீ போடு நைனா!” என்கிறான் லேத் பட்டறை கங்காதரன். இத்தனை காலம் திருவேங்கடத்துக்கு வந்த டீ அது. அவர் மடியில் பேப்பர் கசங்குகிறது.

சைக்கிளில் வந்த ஏட்டு காலை ஊன்றி நிற்கிறார். “யார்றா அது, ஸ்ட்ரைக்கு கதை பேசறது?”

வேம்புலியின் உதடு பாதி வார்த்தையில் நிற்கிறது. இப்படிப் பேசி போலீஸ் ஜீப்பில் ஏறியவர்கள் யாரும் இன்னும் வீடு திரும்பவில்லை. திருவேங்கடம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போடுகிறார்.

“அவனுக்கு இன்னா சார் தெரியும்? அதெல்லாம் நான் படிச்சது!”