அடைத்த வாசல்

வாசலைக் கிழக்கே மாற்றினால்தான் வீட்டுக்கு நல்லது வரும் என்று ஃபெங் சுயி பார்ப்பவர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டம்மாவுக்கு மனசே இல்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போன புள்ள திரும்பி வந்தா, பழைய வாசலைத்தானே தேடுவான்?" என்றாள்.

"வாசலை மாத்தினா வீடு என்ன ஓடியா போயிடும்? சுத்தி வரட்டும் தொரை," என்றார் கணவர்.

கொத்தனார் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, வழவழவென்று பூசிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து பார்த்தபோது பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தச் சுவரடியில் தொடங்கி, மகனுடைய அறை வரைக்கும் சிமெண்டுக் கால்தடங்கள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. இத்தனை நாளும் பூட்டாமல் கிடந்த அறைக்கதவு இப்போது உள்பக்கம் தாழிட்டிருந்தது.

கணவர் கதவைத் தட்டப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாங்க. அலுத்துப்போய் வந்திருப்பான். தூங்கட்டும்."